சாக்கு ஸ்டோர் பெண்களின் சரியான அளவு

ஆசுபத்திரி லாப்பில் ரத்தம் எடுத்த கண்ணாடிக் குழாய் கழுவுவது என் வேலை. பதினொரு வருசம் கழுவினனான். படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது. தமிழ் வாசிப்பேன். இங்கிலிசில் எண்களும் நாலைந்து சொல்லும் தெரியும். குழாய் கழுவ அது காணும்.

துறைமுகத்துக்குப் போகிற வழியில் இருந்த சின்ன ஆசுபத்திரி அது. தருமத்துக்கு நடந்தது. இப்போது அந்த இடத்தில் வேறு கட்டடம்.

புது ரத்தம் மணக்காது. ஒரு நாள் வெக்கையில் கிடந்தால் மணக்கும். இரண்டு நாள் கிடந்தால் குழாய் ஊறுகிற வாளிக்குக் கிட்டப் போக ஏலாது, இலையான் மொய்க்கும். அந்த வாளிக்குள் கையை விட்டுக் கழுவிவிட்டு அதே கையால் சோறு சாப்பிட்டிருக்கிறேன். ஒன்றும் செய்யவில்லை. ஒரேயொரு நாள்தான் குழாய் கழுவுகிற தொட்டியடியில் தின்றதெல்லாம் வெளியே வரச் சத்தி எடுத்தனான். அன்றைக்கு வாளியில் நாற்றமே இல்லை.

லாப்பில் ரத்தம் பார்க்கிறவரை நாங்கள் லாப் ஐயா என்போம். அவருடைய மேசைக்கு மேலே சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. ரத்தத்தில் எது எவ்வளவு இருந்தால் சரி, எதற்கு மேலே போனால் வருத்தம், நோய் என்று அதில் எழுதியிருந்தது. சீமையில் இருந்து வந்த தாள். சீமை ஆக்களின் ரத்தத்தைப் பார்த்து எழுதினது.

எழுபதுகளின் நடுவில், பாண் ரொட்டிக்கும் வரிசையில் நின்ற காலத்தில், கொழும்பில் இருந்து ஒரு டொக்டர் வந்தார். கூட ஒரு உதவியாள். எலும்பைப் பற்றி ஆராய்கிறவர். எலும்பு இளகத் தொடங்கினால் ரத்தத்தில் ஒரு சாமான் ஏறும் என்று லாப் ஐயாவுக்குச் சொன்னார். வெயில் படாத ஆக்களுக்கு விற்றமின் டி குறையும், அது குறைந்தால் எலும்பு இளகும். அந்த விற்றமினை நேரே அளக்க இங்கே வசதி இல்லை, ஆகவே ஏறுகிற சாமானை அளப்போம் என்றார்.

அவர் வந்தது வருத்தக்காரரைப் பார்க்க இல்லை. சுகமான ஆக்களின் ரத்தம்தான் அவருக்குத் தேவை.

"வெள்ளைக்காரனுக்குத் தைச்ச சட்டையை நாங்கள் எவ்வளவு நாளைக்குப் போடுறது? எங்கட ஆக்களுக்கு எங்கட அளவு வேணும்" என்றார்.

எனக்கு அந்தக் கதை பிடித்தது. இப்போதும் அந்தக் கதையில் பிழை இல்லை என்றுதான் சொல்வேன்.

ஏன் திருகோணமலைக்கு வந்தார் என்றால், வெயிலுக்காக. இங்கே வெயிலுக்குப் பஞ்சமில்லை, அந்தக் குறை ஒருவருக்கும் இராது, ஆகவே இந்த ஊர் ரத்தத்தில் வருகிற அளவுதான் சுத்தமான அளவு என்று அவர் கணக்கு. லாப் ஐயா தலையாட்டினார். நானும் கழுவிக்கொண்டே தலையாட்டினேன்.

ஆம்பிளைகள் லேசாகக் கிடைத்தார்கள். துறைமுகத்தில் மூட்டை சுமக்கிறவர்கள், தோணிக்காரர். மேலுக்குச் சட்டை இல்லாமல் நாள் முழுக்க வெயிலில் நிற்கிற சாதி. ஆளுக்கு ஒரு பால்மா டின் கொடுத்தார்கள். அந்த வருசங்களில் பால்மாவைக் கண்ணால் காண்பதே அரிது. ஒரு காலையில் ஆம்பிளைக் கணக்கு முடிந்தது.

பெண்கள் வரவில்லை. டின்னைக் காட்டியும் வரவில்லை. ரத்தம் கொடுத்தால் பிள்ளை தங்காது என்றார்கள். சில வீடுகளில் புருசன்மார் விடவில்லை. டொக்டருக்கு இன்னும் இரண்டு நாள்தான் இருந்தது. இரண்டாம் நாள் பின்னேரம் என்னிடம் கேட்டார்.

"உமக்குத் தெரிஞ்ச பொம்பிளையள் இல்லையோ?"

"என்ர மனிசி வேலை செய்யிற இடத்தில இருக்கினம் சேர். முப்பது பேருக்குக் கிட்ட."

"சுகமான ஆக்களோ?"

"ஒவ்வொரு நாளும் வேலைக்கு வாற ஆக்கள் சேர்."

அது அவருக்குப் போதுமாக இருந்தது.

என் மனிசி சாக்கு ஸ்டோரில் வேலை. கப்பலில் வருகிற மா, சீனி, உரம் எல்லாம் இறக்கின பிறகு கிழிந்த சாக்குகள் அங்கே வரும். பெண்கள் நிலத்தில் இருந்து அவற்றைத் தைப்பார்கள். தகரக் கூரை. யன்னல் கிடையாது. சாக்குக் களவு போகும் என்று கங்காணி கதவைச் சாத்தி வைப்பான். கூரையில் இரண்டு கண்ணாடித் துண்டு, அதிலும் புறா எச்சம். புளித்த மாவும் எலி மூத்திரமும் கலந்த மணம். மனிசியின் தலைமயிரில் அந்த மணம் ஞாயிற்றுக்கிழமையும் போகாது. காலை ஏழு மணிக்கு முன்னம் உள்ளே போனால் பொழுது படத்தான் வெளியே வருவார்கள். சாப்பாடும் உள்ளே.

அந்தப் பெண்களுக்கு ஒரு நடை இருந்தது. இரண்டு பக்கமும் ஆடி ஆடி, தாரா வாத்து மாதிரி. நிலத்தில் இருந்து எழும்பும்போது முதலில் முழங்காலில் கை ஊன்றுவார்கள், பிறகு தொடையில் ஊன்றுவார்கள், தங்கள் உடம்பில் தாங்களே ஏறுவது போல. சாக்குக்காரி நடை என்று எங்கள் ஒழுங்கையில் அதற்குப் பேர். காலை மடக்கி நாள் முழுக்க இருக்கிறதால் வருகிறது என்று எல்லாரும் நினைத்தோம். தச்சனுக்குக் கையில் காய்ப்பு இருக்கிற மாதிரி. சந்தியில் நிற்கிற பெடியள் "தாரா போகுது, முட்டை இருக்கோ கேள்" என்பார்கள். பெண் பார்க்க வருகிறவர்களில் சிலர் அந்த நடையைக் கண்டால் சந்தோசப்பட்டார்கள். பெட்டை கைச்சம்பளம் கொண்டுவருவாள் என்று அர்த்தம்.

மூன்றாம் நாள் காலை அவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தனான். கங்காணிக்கும் ஒரு டின். ஸ்டோருக்கும் ஆசுபத்திரிக்கும் இடையில் ஒரு வெளி. டொக்டர் விறாந்தையில் கதிரை போட்டு இருந்தார். முப்பது பெண்களும் அந்த வெளியைத் தாண்டி அவருக்கு நேரே நடந்து வந்தார்கள், எல்லாரும் ஒரே மாதிரி ஆடி ஆடி. அவர் பார்த்தார். குருடர் இல்லை.

"என்ன, இவையள் எல்லாரும் ஒரே மாதிரி நடக்கினம்?"

"அது சாக்குக்காரி நடை சேர்" என்றேன்.

லாப் ஐயா சிரித்தார். டொக்டரும் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு ஊசியை எடுத்தார்கள்.

கேள்வித்தாள் இங்கிலிசில் இருந்தது. உதவியாளுக்குத் தமிழ் சரிவராது. லாப் ஐயா எனக்குச் சொல்லித் தந்தார், நான் கேட்டேன், உதவியாள் அடையாளம் போட்டான். வயது, பிள்ளைகள் எத்தனை, வருத்தம் ஏதும் இருக்கா. அவ்வளவுதான். எங்கே இருந்து வேலை செய்கிறீர்கள் என்ற கேள்வி அதில் இல்லை.

முதலில் நின்றவ பெரியக்கா. வயது மூத்தவ, எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவோம். வருத்தம் இருக்கா என்று கேட்டேன். இல்லை என்றா. பிறகு யோசித்தா.

"தம்பி, இடுப்பு உளைவு வருத்தத்தில சேத்தியோ?"

பின்னுக்கு நின்றவள் சொன்னாள்: "உளைவு ஆருக்கு இல்லை அக்கா? உளைவைச் சொல்லப்போனால் கதவும் யன்னலும் கூட உளையுது எண்டும்."

"ஸ்டோரில எங்க யன்னல்?" என்றா பெரியக்கா. எல்லாரும் சிரித்தார்கள்.

எனக்கு அவசரம். கணக்கில் ஒரு ஆள் குறைந்தாலும் டொக்டர் என்னைத்தான் பார்ப்பார். மெதுவாகச் சொன்னேன்:

"உளைவைச் சொல்லாதேங்கோ அக்கா. சொன்னால் டின் இல்லை."

அது வரிசையில் கடைசி மட்டும் போனது. முப்பது பேரும் வருத்தம் இல்லை என்றார்கள். எழுதத் தெரியாதவர்கள் பெருவிரல் வைத்தார்கள். என் மனிசி நடுவில் நின்றாள். அவளுக்கும் அப்போது உளைவு இருந்தது. அவளிடமும் கேட்டேன். என் முகத்தைப் பார்த்துக்கொண்டு இல்லை என்றாள். வீட்டுக்கு ஒரு டின் வந்தது. பிள்ளைகள் இரண்டும் மாவைக் கையால் அள்ளித் தின்றார்கள்.

ரத்தத்தை மீன் பெட்டியில் வைத்துக் கொழும்புக்குக் கொண்டுபோனார்கள். துறையில் இருந்து ஐஸ் வாங்கிக் கொடுத்ததும் நான்தான். குழாய்களுக்கு இடையில் மீன் செதில் கிடந்தது. உதவியாள் மூக்கைப் பொத்திக்கொண்டு அதைத் துடைத்தான்.

ஒரு வருசத்துக்கு மேலே போனது. பிறகு புதுத் தாள் வந்தது. அச்சடித்த தாள். எங்கட ஆக்களின் அளவு. ஆண்களுக்கு ஒரு நிரை, பெண்களுக்கு ஒரு நிரை. பெண்களுடைய மேல் எல்லை ஆண்களுடையதை விட நல்லாக் கூட. எங்கட பொம்பிளையளின்ர உடம்பு வாசி அப்படி என்று லாப் ஐயா சொன்னார். மாப்பசை காய்ச்சி அந்தத் தாளைப் பழையதுக்கு மேலே ஒட்டினதும் நான்தான். நேராக ஒட்டினேன். லாப் ஐயா தள்ளி நின்று பார்த்து, நல்லாயிருக்கு என்றார்.

அதே வருசம் மாரிக்கு மனிசிக்கு உளைவு முற்றியது. முதலில் கிணற்றில் வாளி தூக்க ஏலாமல் போனது. பிறகு இருமினால் விலாவைப் பிடித்துக்கொண்டு அழுவாள். பஸ் படி ஏற ஏலாது. பிறகு நிலத்தில் இருந்தால் எழும்ப ஏலாது. நான் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்குவேன். வேலைக்குப் போக முதல் தூக்கி ஒரு கதிரையில் வைத்துவிட்டுப் போவேன். வருமட்டும் அதிலேயே இருப்பாள். இன்னும் இரண்டு கிழமை பார்ப்பேன், பிறகு ஆளை மாற்றுவேன் என்று கங்காணி சொல்லி அனுப்பினான். வேலை போனால் போகட்டும். அவள் இனி எழும்பி நடப்பாளா என்பதுதான் எனக்கு.

எங்கள் ஆசுபத்திரி டொக்டரிடம் கொண்டுபோனேன். வயது போனவர், கோபக்காரர், ஆனால் தொட்டுப் பார்க்கிறவர். விலாவில் அமத்தினார். அவள் கத்தினாள். நடக்கச் சொன்னார், பார்த்தார். ரத்தம் எடுத்து அந்த எலும்புச் சோதனைக்கு எழுதினார். குழாயை லாப்புக்கு நானே கொண்டுபோனேன்.

அடுத்த நாள் லாப் ஐயா முடிவைப் பார்த்தார்.

"பயப்பிடாதை. எல்லைக்கு உள்ளுக்கத்தான்" என்றார். பிறகு எழுதிக்கொண்டே சொன்னார்: "பழைய தாள் எண்டால் இது எங்கேயோ மேல. புதுசு வந்தது நல்லதாப் போச்சு."

டொக்டர் அந்தத் துண்டைப் பார்த்தார். தாளில் சரி என்றால் அவருக்கும் சரி. மனிசிக்குச் சொன்னார்: "பிள்ளை, உமக்கு ஒண்டுமில்லை. எங்கட பொம்பிளையளுக்கு இதுதான் அளவு. வீட்டில யோசினைகள் இருந்தால் குறைச்சுக்கொள்ளும்." பூசத் தைலம் எழுதினார்.

சைக்கிளில் வைத்து உருட்டிக்கொண்டு வந்தேன். வீட்டில் இறக்கினவுடன், "ஒண்டுமில்லையாம்" என்றாள். பிறகு நிலத்தில் அரக்கி அரக்கி அடுப்படிக் குசினிக்குப் போனாள். பாவாடை பின்னால் மண்ணைக் கூட்டிக்கொண்டு போனது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அடுத்த நாள் காலை தொட்டியடியில் நின்றேன். புதுக் குழாய்கள், மணமே இல்லை. அப்போதுதான் எனக்கு மூளையில் ஓடியது. அந்தப் பெண்கள் நிரையில் இருக்கிற எண் வேறு எங்கும் இருந்து வரவில்லை. முப்பது சாக்குக்காரிகள். அதில் பெரியக்கா ஒரு ஆள், என் மனிசி ஒரு ஆள். அவளுடைய வருத்தத்தையும் சேர்த்துத்தான் சரியான அளவு என்று அச்சடித்திருக்கிறார்கள். சத்தி வந்தது. தொட்டிக்குள்ளேயே எடுத்தேன். பிறகு தொட்டியையும் கழுவினேன்.

டொக்டரிடம் போனேன். கை கழுவிக்கொண்டு நின்றார்.

"சேர், அந்தத் தாளில பொம்பிளையளின்ர அளவு பிழை."

"நீர் ஆர் அதைச் சொல்ல?"

"அந்தப் பொம்பிளையளைக் கூட்டிக்கொண்டு வந்தவன் சேர்."

எல்லாம் சொன்னேன். ஸ்டோர், கதவு, நடை, டின், உளைவைச் சொல்லாதேங்கோ என்றது. அவர் கை துடைக்கிறதை நிற்பாட்டினார்.

"எல்லாரும் ஒரே ஸ்டோரோ?"

"ஓம் சேர்."

"வெயில் காணுறதே இல்லையோ?"

"ஞாயிற்றுக்கிழமை காணுவினம் சேர்."

ஏசுவார் என்று நின்றேன், ஏசவில்லை.

"இதை ஆருக்கும் சொன்னனீரோ?"

"இல்லை."

"சொல்லாதையும். கொழும்புக்கு நான் எழுதுறன்."

பிறகு ஒரு துண்டு எழுதித் தந்தார். மீன் எண்ணெய், சுண்ணாம்புச் சத்துக் குளிசை. மூன்று மாதம் வேலைக்கு விடாதையும், காலையிலும் பின்னேரமும் வெயிலில இருத்தும் என்றார். மற்ற ஆக்கள் என்ன சேர் என்று கேட்டேன். வந்தால் பார்ப்போம் என்றார்.

வந்தார்கள். அந்த மாரியில் ஸ்டோரில் இருந்து நாலைந்து பேர் வந்தார்கள். லாப் ஐயா தாளைப் பார்த்து உள்ளுக்க என்று எழுதினார். அவர்கள் டொக்டருக்கு முன்னால் நின்றார்கள். ஒருத்திக்கு எண்ணெய் எழுதினார். மற்றவர்களுக்குத் தைலம். எண்ணெய் எழுதினவளின் புருசன் துறைமுகத்தில் கிளார்க். நான் வாளியோடு விறாந்தையில் நின்று பார்த்தேன். கொழும்புக்கு எழுதினாரோ தெரியாது. நான் லாப்பில் இருந்த மட்டும் தாள் மாறவில்லை.

மனிசிக்கு எண்ணெய் கொடுத்தேன். பழைய மீன் குடலின் நாற்றம். மூக்கைப் பிடிக்காமல் குடித்தாள். காலையில் தூக்கிக்கொண்டுபோய் வேலியடியில் வெயிலில் இருத்துவேன். ஒரு மாதம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாதம் விலா நோவு விட்டது. மூன்றாம் மாதம் ஒரு நாள் நான் வேலையால் வர, குசினி வாசலில் நின்றாள். தானாக எழும்பினாளாம். சைக்கிளைச் சாத்தி வைத்தேன்.

அன்றைக்குத்தான் கேட்டாள்.

"ஒண்டுமில்லை எண்ட டொக்டர் பிறகு ஏன் மருந்து தந்தவர்?"

சொன்னேன். அவளுக்கு முக்கால்வாசி தெரியும், வரிசையில் நின்றவள்தானே. தாள் கதைதான் புதிது. கேட்டுவிட்டு உலையை இறக்கினாள்.

"போய் ஸ்டோரில சொல்லுங்கோ."

"டொக்டர் சொல்ல வேண்டாம் எண்டவர்."

"என்னை எழுப்பிவிட்டிட்டு அதுகளை இருத்தி வைக்கப் போறியளோ?"

வேலை போகும் என்றேன். போகட்டும் என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு போட்டாள், கதைக்கவில்லை. மூன்றாம் நாள் போனேன்.

மத்தியானச் சாப்பாட்டு நேரம். கங்காணி வெளியே சுருட்டுக் குடித்துக்கொண்டு நின்றான். கதவைத் தள்ளி உள்ளே போனேன். கண்ணுக்கு இருட்டுப் பழக நேரம் எடுத்தது. அந்த மணம். சாக்குகளுக்கு நடுவில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். பெரியக்கா சுவரோடு சாய்ந்து இருந்தா. அவவால் அப்போது நடக்க ஏலாது. மகன் காலையில் சைக்கிளில் கொண்டுவந்து இறக்குவான், பின்னேரம் ஏற்றுவான். சாக்கை மட்டும் மடியில் போட்டுத் தைப்பா.

நின்றபடி சொன்னேன். உங்களுக்கு வருத்தம். இது நடை இல்லை, எலும்பு வருத்தம். ஆசுபத்திரியில் ஒண்டுமில்லை என்று சொன்னால் நம்பாதேங்கோ, அந்த அளவு உங்கட ரத்தத்தில் இருந்து எடுத்தது. மருந்து இருக்கு. வெயிலில் இருங்கோ. உளைவைச் சொல்ல வேண்டாம் என்று அண்டைக்கு மறிச்சது நான்தான்.

ஒருத்தி கேட்டாள், கிளார்க்கின்ர மனிசிக்கு எண்ணெய் குடுத்தது இதுக்குத்தானோ. ஓம் என்றேன். இன்னொருத்தி, அண்ணை, உங்கட மனிசி எப்ப எழும்பினவ என்றாள். போன கிழமை, மூன்று மாதம் எண்ணெய் குடித்த பிறகு என்றேன். அவள் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தாள். நாய் சத்தி எடுத்ததைப் பார்க்கிற பார்வை. எனக்கு அது சரியாகத்தான் பட்டது.

பெரியக்கா சோற்றை மூடி வைத்தா.

"ஒரு டின்" என்றா. "அதையும் என்ர பேரப்பிள்ளையள்தான் குடிச்சதுகள் தம்பி. நான் நாக்கிலயும் வைக்கேல்லை."

பிறகு ஊசியை எடுத்துத் தைக்கத் தொடங்கினா. நான் வெளியே வந்தேன்.

அடுத்த கிழமை ஸ்டோர் பெண்கள் பன்னிரண்டு பேர் ஆசுபத்திரி விறாந்தையில் வந்து இருந்தார்கள். ரத்தம் பார்க்க வேண்டாம், எண்ணெய் எழுது என்றார்கள். டொக்டர் சத்தம் போட்டார். எழும்பவில்லை. அவர்களுக்கு எழும்புவது கரைச்சல்தானே. பொழுதுபடும் நேரம் எழுதினார். யார் சொன்னது என்று அவருக்குத் தெரியும். என்னை லாப்பில் இருந்து எடுத்துப் பிரேத அறைக்கு விட்டார்கள். அங்கேயும் கழுவுகிற வேலைதான்.

கங்காணி மத்தியானத்தில் கதவைத் திறந்துவிடச் சம்மதித்தான். பெண்கள் சாப்பாட்டை வெளியில் வைத்துச் சாப்பிட்டார்கள். மனிசி திரும்ப வேலைக்குப் போனாள். அவளும் இன்னொருத்தியும் பெரியக்காவை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கி வெளியே கொண்டுவந்து, சாக்கு விரித்து, வெயிலில் இருத்துவார்கள். மனிசி எண்ணெயும் கொண்டுபோய்க் கொடுத்தாள். சிலபேருக்கு நடை திருந்தியது. பெரியக்காவுக்கு நேரம் பிந்திவிட்டது. பிரேத அறைக்குப் போகிற வழியில் மத்தியானத்தில் அவவைக் காண்பேன். வெயிலில் இருப்பா, சாப்பிடுவா, மற்றவர்களோடு பகிடி விடுவா. நான் கிட்டப் போனால் கதை நிற்கும். பிறகு நான் வேறு வழியால் போகப் பழகினேன். அவ தானாக எழும்பினதை நான் காணவில்லை.